ஊசி மரம்

ஹெலன் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கும் இரும்பு உருக்கும் ஆலைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்தப் பக்கம் காலனி. காலனியில் இருக்கிறவர்களின் அப்பாக்களும் அம்மாக்களும் சுற்றுப்பட்டு நஞ்சைகளில் நாற்று நட்டுக் கதிர் அறுத்தவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருவராவது சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டுக்குப் போகிறார்கள். போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகிற சின்னப் பிள்ளைகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்கிறவள் ஹெலன். சமையலுக்கும் துடைப்பதற்கும் கூட ஈஸ்வரி என்று ஒரு உதவியாளர் உண்டு. காலையில் கதவைத் திறந்ததும் ஈஸ்வரி செய்கிற முதல் வேலை, ஜன்னல் திட்டில் ராத்திரி படிந்த கருப்புத் தூளைத் துடைப்பது. மத்தியானம் மறுபடியும் துடைப்பாள்.

ஹெலனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகளைக் கொஞ்சுகிற பழக்கம் அவளுக்கு அவ்வளவாகக் கிடையாது. பெரியவர்களிடம் பேசுகிற மாதிரியேதான் அவர்களிடமும் பேசுவாள். தடுப்பூசி போட நர்ஸ் வருகிற நாளில் அம்மாக்கள் "வலிக்கவே வலிக்காதுடா கண்ணு" என்பார்கள். ஹெலன், "வலிக்கும். கொஞ்ச நேரம் அழு. அப்புறம் போய்டும்" என்பாள். பிள்ளைகள் அவளிடம்தான் கையைக் கொடுத்துவிட்டு உட்காருவார்கள்.

ஜனவரி மாதம் மரங்களைப் பற்றிய பாடம். தென்னை, வேம்பு, மா, புங்கை எல்லாம் காட்டியாகிவிட்டது. படக்கட்டின் கடைசியில் ஒரு அட்டை. மேலே கூராக, கீழே அகலமாக, பாவாடை விரித்தாற்போல ஒரு மரம். அடியில் பைன் மரம் என்று போட்டிருந்தது.

"இது இன்னா மரம்?" என்று கேட்டாள் ஹெலன்.

"சவுக்கு" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். பழவேற்காடு போகிற வழியெல்லாம் சவுக்குத் தோப்புதான். காலனியில் எந்த வீட்டில் பந்தல் போட்டாலும் சவுக்குக் கழிதான் வந்து இறங்கும். அவர்கள் சொன்னதில் தப்பில்லை.

"சவுக்கு மாதிரி கீது. ஆனா சவுக்கு இல்ல. இது பைன். குளிர் ஊர்ல வளரும். மலை மேல."

கிரேஸ் என்ற நாலு வயதுப் பெண் கையைத் தூக்கினாள். அவள் அப்பா ஜெயராஜும் ஆலைக்காரர்தான். எதையும் இரண்டு தடவை கேட்காமல் நம்பமாட்டாள். "நீ பாத்துகீறியா டீச்சர்?"

"இல்ல. நானும் பாத்ததில்ல" என்றாள் ஹெலன்.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது இதைச் சொல்லிச் சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் ஸ்டீபன் சிரிக்கவில்லை. அவர் பொதுவாகவே பேச்சுக் குறைந்தவர். ஆலையில் இரும்பு உருக்குகிற பர்னஸ் பக்கம் வேலை. இருபது வருஷமாகத் தீப்பொறி தெறித்துத் தெறித்து முன்னங்கை இரண்டிலும் அம்மை வடு மாதிரிப் புள்ளிகள். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. ஹெலன் மறுநாள் பாடத்தை வீட்டில் சொல்லிப் பார்க்கும்போது சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அது அவருக்கு டிவி பார்ப்பதைவிடப் பிடித்திருந்தது என்று ஹெலனுக்குத் தெரியும். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த மாதக் கடைசியில் சர்ச்சிலிருந்து வேளாங்கண்ணிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் ஏற்பாடு செய்தார்கள். ஹெலனுக்கு லீவு கிடைக்கவில்லை. ஸ்டீபன் மட்டும் போனார். திரும்பி வந்த விடியற்காலையில் ஒரு கையில் பை, இன்னொரு கையில் கருப்பு பிளாஸ்டிக் கவரில் முழங்கால் உயரச் செடி.

"இன்னாங்க இது?"

"பைனு" என்றார். "வழில ஒரு நர்சரில நிறுத்தச் சொன்னேன். பஸ்ல எல்லாரும் கிண்டல் பண்ணிக்கினு வந்தாங்க. பரவால்ல."

செடியை வழி முழுக்கக் கால் நடுவே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். கால் மரத்துப்போய் அன்று நொண்டிக்கொண்டே நடந்தார். பைக்குள் துண்டில் சுற்றிப் பைன் காய்கள் சில. பைன் காட்டில் எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது இவர் குனிந்து பொறுக்கியிருக்கிறார்.

"இங்க வருமா இது?"

"கெட்டி மரமாம். பாறை மேலகூட வருமாம். நர்சரிக்காரர் சொன்னாரு." கொஞ்சம் யோசித்து, "விக்கிறவன் சொல்லத்தான் சொல்வான். வெச்சிப் பாக்கலாம்" என்றார்.

செடியைப் பிள்ளைகளுக்குக் காட்டிய நாளில் ஸ்டீபனுக்கு இரண்டாவது ஷிப்ட். செடியைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தவரை ஹெலன் உட்காரச் சொன்னாள். கதவோரம் தரையில் காலை மடக்கி உட்கார்ந்தார். பிள்ளைகள் செடியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"யாரும் பிச்சி எடுக்கக் கூடாது. தொட்டுப் பாக்கலாம். கண்ண மூடிக்கினு தொடு" என்றாள் ஹெலன்.

பரத் முதலில் தொட்டான். மூன்றரை வயது. தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான். "குத்துது."

"இன்னா மாதிரி குத்துது?"

"ஊசி மாதிரி."

"அதான் இதோட இலை."

"இலை எங்க?" என்று கேட்டாள் கிரேஸ்.

"இதான்."

"இது இலை இல்ல. முடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டீபனும் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். ஹெலன் ஒரு ஊசியைக் கிள்ளி விரலில் நசுக்கி ஒவ்வொருவர் மூக்கருகிலும் கொண்டுபோனாள். எலுமிச்சம்பழம் என்றது ஒன்று. பினாயில் என்றது இன்னொன்று. பரத், "எங்கப்பா சட்டை" என்றான். அவன் அப்பா பெயின்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்.

பிறகு காய். காய்ந்து செதில் செதிலாக விரிந்திருந்த ஒன்றை ஹெலன் ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டாள். சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் காய் மூடிக்கொண்டிருந்தது. வெயிலில் எடுத்து வைத்தாள். மறுநாள் விரிந்திருந்தது. அடுத்த ஒரு வாரம் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டே இல்லை. தூங்கிவிட்டது, எழுந்துவிட்டது என்று சொம்பைச் சுற்றியே நின்றார்கள். ஹெலனுக்கே அது அதிசயமாகத்தான் இருந்தது. படக்கட்டில் அது இல்லை. ஸ்டீபன்தான், "அங்க மழை நாள்ல எல்லாம் மூடிக்கினு கெடக்குமாம்" என்று கேட்டு வந்து சொல்லியிருந்தார்.

"வேப்ப மரம் பங்குனில இலைய கொட்டுதில்ல? இது அப்படி மொட்டையா நிக்காது. வெயிலு, மழை, எது வந்தாலும் எப்பவும் பச்சையா இருக்கும்" என்று ஹெலன் சொல்லிக்கொடுத்தாள். "எப்பவும்?" என்று கிரேஸ் கேட்டாள். "எப்பவும்" என்றாள்.

ஊசி மரம் என்று பேர் வைத்தது பிள்ளைகள். காம்பவுண்டின் கிழக்கு மூலையில், ஆலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி ஸ்டீபன் குழி தோண்டினார். அங்கே களிமண். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து மணல் கேட்டு வாங்கி வந்து கலந்தார். கோழி கிளறாமல் முள் வளைத்துக் கட்டினார். இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். முதல் ஷிப்டு என்றால் திரும்பி வரும்போது. சைக்கிள் மணி கேட்டதும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள்.

"மாமா, கையில இன்னா புள்ளி?" என்று ஒருநாள் பரத் கேட்டான்.

"நெருப்பு."

"வலிக்குதா?"

ஸ்டீபன் ஹெலனைப் பார்த்தார். பிறகு, "அப்போ வலிச்சுது. இப்போ இல்ல" என்றார்.

பிள்ளைகளுக்கும் வேலை இருந்தது. ஆலைப் புகையில் ஊசிகளின் மேல் கருப்பாகப் படியும். ஈரத்துணியால் நுனி நோக்கித் துடைக்க ஹெலன் பழக்கியிருந்தாள். எதிர்ப்பக்கம் துடைத்தால் குத்தும். மார்ச்சில் ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிர் நிறத்தில் புதுக் குருத்து நிமிர்ந்து நின்றது, மெழுகுவத்தி ஏற்றி வைத்த மாதிரி. ஸ்டீபன் அதைப் பார்த்து நின்ற நிலையில் ஷிப்டுக்கு நேரமானதை மறந்துபோனார். அன்றைக்கு ஆலை கேட்டில் திட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், சுவருக்கு அந்தப் பக்கம் வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து ஒன்று உடைந்து விழுந்தது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே சமயத்தில் எழுந்து அழுதார்கள். ஹெலன் வெளியே வந்து பார்த்தாள். புகை பர்னஸ் கூரைக்கு மேலே எழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஸ்டீபனுக்கு முதல் ஷிப்ட். முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"நீ போ டீச்சர். நான் பாத்துக்கிறேன். போ" என்று ஈஸ்வரி அவளைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

ஆலை கேட்டைச் சாத்தியிருந்தார்கள். வெளியே காலனி மொத்தமும் நின்றது. யாரையும் உள்ளே விடவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் வெளியே வந்தது. கண்ணாடியெல்லாம் திரை போட்டிருந்தது. எதில் யார் என்று தெரியவில்லை. பழைய இரும்போடு இரும்பாக, வாய் அடைத்த சிலிண்டர் ஏதோ உலைக்குள் போய் வெடித்துவிட்டது என்று அப்புறம் சொன்னார்கள். பார்த்துப் பிரிக்க ஆள் போதவில்லை என்றும் சொன்னார்கள். அவரவர் கேள்விப்பட்டதை அவரவர் சொன்னார்கள். ஹெலன் கேட்டருகே இருட்டும் வரை நின்றாள். சென்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவர்களில் அவரும் இருக்கிறார் என்று மகன் அன்புராஜ்தான் போன் போட்டுச் சொன்னான். அவன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டெம்பரவரியாக இருந்தான், தினமும் ரயில் ஏறிப் போய் வந்துகொண்டிருந்தான். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான்.

முகம் தவிர எல்லாம் கட்டுப் போட்டிருந்தது. முகத்தில் பாதியும். ஸ்டீபனுக்கு நினைவு இருந்தது. அதுதான் கொடுமை. ஹெலன் குனிந்தபோது அவர் உதடு அசைந்தது.

"புள்ளைங்க பயந்துடுச்சிங்களா? சத்தத்துல."

"இல்லீங்க. ஈஸ்வரி கீறா" என்றாள்.

"கண்ணாடி ஒடஞ்சிருக்கும். வெறுங்கால்ல நடக்கப் போவுதுங்க. பெருக்கிடச் சொல்லு."

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டார். பஞ்சில் நனைத்து உதட்டில் வைக்க விட்டார்கள். வேறு பெரிதாக எதுவும் பேசவில்லை. அந்த வாரம் போவதற்குள் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை, காலனிச் சர்ச்சில் பூசை நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டார்கள்.

அங்கன்வாடிக்குக் கோடை விடுமுறை. ஹெலன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்குச் சோறு ஈஸ்வரியின் வீட்டிலிருந்து வந்தது. தினமும் தட்டை வைத்துவிட்டு ஈஸ்வரி ஒரே ஒரு விஷயம்தான் சொல்வாள். "ஊசி மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டேன் டீச்சர். காலைல ஒருவாட்டி, சாய்ந்தரம் ஒருவாட்டி. பச்சையா கீது." ஹெலன் தலையாட்டுவாள். அந்த நாட்களில் அவள் காதில் ஏறிய செய்தி அது ஒன்றுதான்.

ஜூனில் திரும்பவும் கதவைத் திறந்தாள். வந்த முதல் நாளே பரத், "மாமா எங்க? தண்ணி ஊத்த வர்ல?" என்று கேட்டான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்தான். கிரேஸும் பின்னால் நின்றாள். எந்த அம்மாவும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை போலிருந்தது. டீச்சர் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம்.

ஹெலன் வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்: "மாமா ஊருக்குப் போயிகீறாரு."

"எந்த ஊருக்கு?" என்றாள் கிரேஸ்.

"தூரம்."

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அவள் மரத்தருகே போனாள். பச்சையாகத்தான் நின்றது. மேலே தூசி படிந்திருந்தது. ஈரத்துணி எடுத்து வந்து நுனி நோக்கித் துடைத்தாள். தினமும் அதுவே வழக்கமாயிற்று. வீட்டுக்குப் போனால் அன்புராஜ் வேலை முடிந்து வந்து, பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் போனை வைத்துக்கொண்டு படுத்துவிடுவான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. அழவும் இல்லை. அவளும் கேட்கவில்லை. மரத்தடியில் இருக்கிற நேரம் மட்டும் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. அவர் கால் மரத்துப்போகத் தூக்கி வந்தது. அவர் தோண்டிய குழி. இது நிற்கிற வரைக்கும் ஏதோ ஒன்று நிற்கிறது என்று நினைத்தாள். பிள்ளைகளையும் தினம் ஒரு தடவை அழைத்து வந்து காட்டினாள். புதிதாகச் சேர்ந்த சின்னதுகளுக்கு மறுபடியும் சொன்னாள்: குத்தும், ஆனால் இலைதான். எப்போதும் பச்சை.

ஒருநாள் துடைக்கும்போது கொத்தாக ஊசிகள் துணியோடு வந்துவிட்டன. இழுக்கக்கூட இல்லை. இன்னொரு கிளையை மெதுவாகத் தொட்டாள். அதுவும் உதிர்ந்தது. பச்சை என்று நினைத்திருந்தது அருகில் பார்த்தால் பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை, ஒரு செத்த நிறம். தூசி மறைத்திருந்தது. அல்லது அவள் பார்க்காமல் இருந்தாள்.

மறுநாள் ஒரு கிளையை ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, பெரியபாளையம் ரோட்டில் இருக்கிற ஒரு நர்சரிக்குப் போனாள். அங்கே செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் கிளையை வாங்கி, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த பழுப்பு.

"இது போயி நாளாச்சும்மா."

"நேத்து வரைக்கும் பச்சையா இருந்துச்சே."

"இந்த ஜாதி அப்படித்தாம்மா. உயிர் போனப்புறமும் கொஞ்ச நாளுக்குப் பச்சையா நிக்கும். வெளிய தெரியாது. கீழ களிமண்ணா? தண்ணி நெறைய ஊத்துனீங்களா?"

ஹெலன் கிளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"வேரு அழுகிருக்கும். மலைச் செடிம்மா, தண்ணி நிக்கக் கூடாது. வேற எதனா வெச்சிக்கங்க. புங்கன் தரட்டா?"

"வாணாம்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவள் கதவைத் திறந்த நாளிலேயே அது செத்திருக்க வேண்டும். ஈஸ்வரி தட்டைக் கீழே வைத்து, பச்சையா கீது என்று சொன்னபோதே போயிருக்கலாம். செத்த மரத்தைத்தான் இத்தனை நாள் துடைத்திருக்கிறாள். செத்த மரத்தைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு எப்போதும் பச்சை என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஸ்டீபனுக்காக அவள் அப்படி அழுதது அன்றுதான் முதல் தடவை. தண்ணீர் அதிகமாகிப் போனதை ஈஸ்வரியிடம் கடைசி வரை சொல்லவில்லை. வெயில் தாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டே நாளில் மரம் முழுக்கச் செம்பழுப்பாகிவிட்டது. வட்டமாக உட்கார வைத்தாள்.

"ஊசி மரம் செத்துப்போச்சு" என்றாள்.

"தண்ணி ஊத்துனா வந்துடும்" என்றான் பரத்.

"வராது."

"மாமா வந்து ஊத்துனா?"

"வராது கண்ணு."

கிரேஸ் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தாள். "எப்பவும் பச்சைன்னியே டீச்சர்."

"சொன்னேன். எனக்கு அவ்ளோதான் தெரிஞ்சுது."

"மரமும் ஊருக்குப் போய்டுச்சா?"

ஹெலனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தே சொன்னாள். "மாமா ஊருக்குப் போகலடா. அன்னிக்கு சத்தம் கேட்டுச்சில்ல, ஜன்னல் ஒடஞ்சுதில்ல? அதுல மாமாவுக்கு நெருப்பு பட்டுடுச்சு. மாமா செத்துட்டாரு. நான்தான் உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன்."

யாரும் அழவில்லை. பரத், தங்கள் வீட்டுக் கோழி ஒன்று செத்துப்போனதைச் சொன்னான். இன்னொன்று பசிக்கிறது என்றது. ஈஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிரேஸ் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேட்டாள்: "எங்கப்பாவும் அங்கதான போறாரு?"

"ஆமா" என்றாள் ஹெலன்.

மறுநாள் கிரேஸ் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அதன் பிறகு அவள் அம்மா சாராள் மட்டும் வந்தாள். வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"அக்கா, எங்க ஊட்டுக்காரரு ஷிப்டுக்குக் கெளம்பும்போது கால கெட்டியா புடிச்சிக்கினு உடமாட்டேங்குது. போனா நீ செத்துடுவன்னு கத்துது. நாலு ஊடு கேக்குது. மூணு நாளா இதே பேஜாரு. நேத்து லேட்டா போயி திருப்பி அனுப்பிட்டாங்க. நீ இன்னாக்கா சொல்லிக் குடுத்த?"

"உண்மைய சொன்னேன் சாராளு."

"தெரியும். எனக்கு மட்டும் தெரியாதா உண்மை? தெனமும் அந்தாளு திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல. ஆனா அத்த அதுங்கிட்ட ஏங்கா சொல்லணும்? வேலைக்குப் போவாம இன்னாத்தத் துன்றது?" சாராளின் குரல் உடைந்தது. கோபமாகத்தான் வந்திருந்தாள். நின்று பார்த்துவிட்டு, ஹெலனின் கையை ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டுப் போனாள். கிரேஸை அடுத்த வாரத்திலிருந்து கவரைப்பேட்டையில் ஒரு பிளே ஸ்கூலில் போட்டார்கள். வேன் அங்கன்வாடி வாசலைத் தாண்டித்தான் போகும். கிரேஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஆலையிலிருந்து வெங்கடேசன் என்கிற அதிகாரி வீட்டுக்கு வந்தது அந்த வாரம்தான். நல்ல மனிதராகத்தான் பேசினார். கொடுத்த நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். ஸ்டீபனின் இடத்தில் மகனுக்கு வேலை, பெர்மனென்ட், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு என்றார். ஹெலன், "அவன் வேற எடத்துல வேலை பாத்துக்கினு கீறான் சார்" என்றாள். வெங்கடேசன் அன்புராஜைப் பார்த்தார். அன்புராஜ் தரையைப் பார்த்தான். அப்போதுதான் ஹெலனுக்குப் புரிந்தது, இது அவனுக்குப் புதுச் செய்தி இல்லை என்று.

அவர் போன பிறகு கேட்டாள். "இன்னாடா?"

"ஒரகடத்துல போன மாசமே நிறுத்திட்டாங்கம்மா."

"தெனமும் போய்க்கினு இருந்தியே."

"ஸ்டேசன்ல உக்காந்துகினு இருந்தேன். சூலூர்பேட்டை வண்டி வரும் போவும். பாத்துக்கினு இருப்பேன். சாய்ந்தரம் ஆனா வந்துடுவேன்." அவன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "எல்லா எடத்துலயும் கேட்டுட்டேன். டெம்பரவரியே கெடைக்கல. இது பெர்மனென்ட்."

"வாணாம்டா. அந்த எடம் வாணாம். எதனா செஞ்சிக்கலாம்."

"இன்னா செய்றது, சொல்லு. எதனா ஒண்ணு சொல்லு. நான் போவல."

ஹெலன் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். காலனியில் ஒவ்வொரு வீடாக மனசுக்குள் போய்ப் பார்த்தாள். யார் வீட்டில் யார், எங்கே வேலை என்று. எல்லா வழியும் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் போய் முடிந்தது. அவன் காத்திருந்தான். பிறகு எழுந்து போய்க் கை கழுவினான். அதன் பிறகுதான், முதுகைக் காட்டிக்கொண்டு, "நைனாவ நான்தாம்மா அன்னிக்குப் பாத்தேன், கட்டுப் போடறதுக்கு முன்னாடி" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. அவளும் எழுந்து போய் அவன் பக்கத்தில் நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும் என்று அப்புறம் நினைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவனுக்கு முதல் ஷிப்ட். ஹெலன் எழுந்து சாதம் வடித்துக் குழம்பு தாளித்து டிபன் பாக்ஸில் போட்டுக் கொடுத்தாள். ஆலையில் கொடுத்த புது ஷூ காலைக் கடிக்கிறது என்றான். பஞ்சு வைத்துக் கொடுத்தாள். அவன் ஷூ கயிறு கட்டுகிறபோது அவள் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் கால் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கிரேஸ் செய்ததை அவளால் செய்ய முடியவில்லை. அவன் எழுந்து, "வரேம்மா" என்றான். "பாத்துப் போடா" என்றாள். எல்லா வீட்டிலும் சொல்கிற மாதிரியே.

அங்கன்வாடியில் ஈஸ்வரி ஜன்னல் திட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "போய்ட்டானா டீச்சர்?"

"போய்ட்டான்."

ஈஸ்வரி துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அதற்கு மேல் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு குழந்தை அம்மாவை விட்டு வராமல் வாசலில் அழுதுகொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் ஹெலனைப் பார்த்து, "சாய்ந்தரம் வந்துடுவேன்னு சொல்லு டீச்சர். நீ சொன்னா கேக்கும்" என்றாள்.

ஹெலன் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அம்மா ஓடிப்போய் பஸ் ஏறினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டுச் சங்கு ஊதியது. குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பஸ் போன திக்கையே பார்த்து விம்மியது. சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, சங்குச் சத்தம் நிற்கும் வரை வாசலிலேயே நின்றாள்.